மணப்பந்தல் நின்ற இடங்கள்: புக்கிட் மேராவிலிருந்து ஒரு நோக்கு

திருமண அழைப்பிதழ் எதுவாயினும் அதில் மூன்று செய்திகள் தவறாமல் இருக்கும். அவை நாள், நேரம், இடம் என்பன. நாளையும் நேரத்தையும் பஞ்சாங்கமும் குடும்பப் பெரியோரும் சேர்ந்து முடிவு செய்கின்றனர். இடத்தை முடிவு செய்வதில் வரலாற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு சமூகம் எங்கே குடியேறியது, எங்கே தொழில் செய்தது, எந்த நிலம் அதற்குக் கிடைத்தது, எந்தச் சட்டம் அதன் மணவினையை ஏற்றுக்கொண்டது என்னும் வினாக்களுக்கான விடைகள் அந்த ஒற்றை வரியில் அடங்கிக் கிடக்கின்றன.

சிங்கப்பூரின் தென்பகுதியில் உள்ள புக்கிட் மேராவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மகளுக்கு மணம் பேசி முடித்தவுடன் அவ்வீட்டில் எழும் முதற்கேள்விகளுள் ஒன்று, "மண்டபம் எங்கே?" என்பது. வீட்டருகே சமூக மன்றம் உண்டு. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம் உண்டு. டெப்போ சாலையில் அம்மன் கோயிலும் உண்டு. ஆயினும் பேச்சு பல வேளைகளில் நகரின் மறுபுறத்திலுள்ள சிராங்கூன் சாலையை நோக்கிச் செல்கிறது. வாழுமிடம் ஒன்றாகவும் மணவினைக்குரிய இடம் மற்றொன்றாகவும் ஆனது எவ்வாறு? இவ்வுரையில் நாம் ஆராய விழைவது இதனையே.

சிங்கப்பூர்த் தமிழருள் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் உளர். அவரவர் மணவினைக்குரிய இடங்களும் சட்டங்களும் வேறுபட்டவை. இங்கு நாம் பெரிதும் இந்துத் தமிழர் திருமணங்களையே எடுத்துக்கொள்கிறோம். ஏனையவற்றைத் தேவையான இடங்களில் சுட்டுவோம்.

முற்றமும் பந்தலும்

தமிழர் திருமணத்தின் மிகப் பழைய காட்சிகளுள் இரண்டை அகநானூறு நமக்குத் தருகிறது. 86ஆம் பாடல் நல்லாவூர் கிழார் பாடியது. 136ஆம் பாடல் விற்றூற்று மூதெயினனார் பாடியது. கால்கள் நிரையாக நட்ட பந்தலும், புதிதாகக் கொணர்ந்து பரப்பிய மணலும், விளக்கும், மாலையும் முன்னைய பாடலில் வருகின்றன. உழுத்தம் பருப்புக் கூட்டிய உணவும் அதில் உண்டு. மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் கூடி மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். பின்னைய பாடலிலும் விருந்தும் பந்தலும் நல்ல நாளும் இடம்பெறுகின்றன. இரண்டு பாடல்களிலும் மணம் நிகழ்வது மனையில்தான். அந்நாளில் மண்டபத்தை நாடிச் செல்ல வேண்டிய தேவை எழவில்லை. வீட்டு முன்றிலில் பந்தல் எழும். ஊர் அங்கே வரும்.

மண்டபம் என்னும் சொல்லும் அதற்குரிய கட்டடமும் நெடுங்காலம் கோயிலுக்கே உரியனவாய் இருந்தன. வேலூர்க் கோட்டையிலுள்ள சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம் அதன் சிற்பத் தூண்களுக்காகப் புகழ்பெற்றது. அத்தகைய மண்டபங்கள் இறைவனுக்கும் இறைவிக்கும் ஆண்டுதோறும் திருக்கல்யாணம் நடத்துவதற்காக எழுந்தவை. மனிதர் மணம் செய்துகொள்ளும் பொதுக்கட்டடத்துக்கும் அப்பெயரே பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. வீட்டு முற்றம் சுருங்கச் சுருங்கத் தெய்வத்தின் மண்டபம் மனிதருக்கும் பந்தலாயிற்று எனலாம். நகரங்கள் வளர்ந்த இடங்களிலெல்லாம் இம்மாற்றம் நிகழ்ந்தது. கடல்கடந்து சென்ற தமிழரிடத்தே அது விரைந்து நிகழ்ந்தது. ஏனெனில் அவர்களுள் பெரும்பாலோர்க்கு முற்றம் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருக்கவில்லை.

செங்கற்சூளையும் முதற்கோயிலும்

1819ஆம் ஆண்டு மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது, பினாங்கிலிருந்து அவருடன் கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை. இத்தீவில் முதன்முதலில் செங்கற்சூளை அமைத்தவராகவும், கட்டட ஒப்பந்தக்காரராகவும், துணி வணிகராகவும் அவர் அறியப்படுகிறார். கோயில் கட்டுவதற்கு அவருக்கு முதலில் தெலுக் ஆயர் சாலையில் நிலம் வழங்கப்பட்டது. வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் அங்குக் கிடைக்காததால் அவ்விடம் கைவிடப்பட்டது. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இப்போதுள்ள இடம் கிடைத்தது. 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன கோயில் எழுந்தது. அதுவே இன்றைய ஸ்ரீ மாரியம்மன் கோயில். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலும் அதுவே. 1973ஆம் ஆண்டு அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அக்கோயிலுக்குச் சில அடி தொலைவில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் நிற்கிறது. சுற்றியுள்ள தெருக்களின் பெயர்களான பகோடா தெரு, டெம்பிள் தெரு, மாஸ்க் தெரு ஆகியன இவ்விரண்டு வழிபாட்டிடங்களின் நினைவைத் தாங்குகின்றன. இன்று சீனர் நகரம் என்று நாம் அழைக்கும் பகுதியே சிங்கப்பூர்த் தமிழரின் முதற்பொதுவெளியாகவும் இருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

மணவினையைப் பொறுத்தவரை மாரியம்மன் கோயிலுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. இந்துத் திருமணங்களை நடத்திவைத்துப் பதிவு செய்யும் அதிகாரம் சிங்கப்பூரில் ஒருகாலத்தில் இக்கோயிலுக்கு மட்டுமே இருந்தது. இதன் பொருளை மாணவர்கள் நன்கு உணர்தல் வேண்டும். இன்று நாம் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அன்று இடமே திருமணத்துக்கு ஏற்பைத் தந்தது. அழகு, வசதி, செலவு ஆகியவற்றுக்கெல்லாம் முன்னதாக, "இத்திருமணம் செல்லுமா?" என்னும் கேள்விக்கு அக்கோயில் விடையாக இருந்தது.

ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு நடந்த தமிழ்த் திருமணங்கள் எண்ணிக்கையில் மிகுதியாக இருந்திருக்க இயலாது. வந்தவர்களுள் ஆண்களே மிகப் பெரும்பான்மையர். பலர் சில ஆண்டுகள் உழைத்துப் பொருளீட்டி, ஊருக்குத் திரும்பி மணந்து, மனைவியை அங்கேயே விட்டு மீண்டும் கப்பலேறினர். அவர்களது மணப்பந்தல் காவிரிக்கரையிலோ இராமநாதபுரத்துச் சிற்றூரிலோ நின்றது. இங்கு அவர்களுக்கிருந்தவை வேலையும் படுக்கையும் கோயிலுமே.

செம்மலையின் தமிழர்

புக்கிட் மேரா என்னும் மலாய்ப் பெயருக்குச் சிவந்த குன்று என்பது பொருள். வாள்மீன்களின் தாக்குதலிலிருந்து கரையோர மக்களைக் காக்க வழி சொன்ன சிறுவன், அவனது அறிவுக்கு அஞ்சிய அரசனால் கொல்லப்பட்டான் என்றும், அவன் சிந்திய குருதியால் குன்று சிவந்தது என்றும் மரபுக்கதை கூறுகிறது. மண்ணின் இயல்பான செந்நிறமும் அப்பெயருக்குப் பொருந்தும்.

இக்குன்றின் தெற்கே துறைமுகமும் கிழக்கே இருப்புப்பாதையும் மேற்கே செங்கற்சூளைகளும் இருந்தன. இம்மூன்றும் தமிழர் உழைப்பை நாடிய இடங்கள். 1864இல் தொடங்கிய தஞ்சோங் பகார் கப்பற்றுறை நிறுவனம் 1905இல் அரசின் கைக்கு வந்து, 1913இல் சிங்கப்பூர்த் துறைமுக வாரியமாக மாறியது. 1932இல் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. ரயில்வே ஊழியருக்கான குடியிருப்பு பின்னாளில் ஸ்பூனர் சாலையில் அமைந்தது. இத்தகைய குடியிருப்புகளில் வீடு தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் அந்நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டபோது, அதனைச் சார்ந்த வாழ்க்கைமுறையும் முடிவுக்கு வந்தது.

செங்கற்சூளையின் கதை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அலெக்சாண்டிரா செங்கற்சூளையில் பணிபுரிந்த தமிழர், 1913ஆம் ஆண்டையொட்டிச் சூளை வளாகத்திலேயே காளியம்மனுக்குச் சிறுகோயில் ஒன்றை அமைத்து வழிபட்டனர். நிலம் நிறுவனத்துடையது. பின்னாளில் அந்நிலம் வேறு பயன்பாட்டுக்குச் சென்றபோது கோயிலும் இடம்பெயர வேண்டியதாயிற்று. 1980களின் முற்பகுதியில் டெப்போ சாலையில் புதிய கோயில் எழுந்தது. இன்று புக்கிட் மேராவில் ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயில் எனப்படுவது அதுவே.

நாராயண பிள்ளையின் சூளையையும் அலெக்சாண்டிராச் சூளையையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். முன்னவர் சூளைக்கு உரிமையாளர். அவர் நிலம் கேட்டுப் பெற்றுக் கட்டிய கோயில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஒரே இடத்தில் நிற்கிறது. பின்னவர்கள் சூளையில் கூலி பெற்றவர்கள். அவர்களது கோயில் நிலவுடைமையாளரின் தேவைக்கேற்ப நகர்ந்தது. மணவினைக்குரிய இடம் ஓரிடத்தில் வேரூன்றுவதற்குப் பக்தி மட்டும் போதாது, நிலவுரிமையும் வேண்டும் என்பதை இவ்விரு கோயில்களும் காட்டுகின்றன. புக்கிட் மேராத் தமிழரின் மணமேடை வேறிடத்தை நாடியதற்கான முதற்காரணம் இதுவேயாகும்.

சீர்திருத்தமும் சட்டமும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடம் பற்றிய சிந்தனையையே மாற்றக்கூடிய இரு நிகழ்ச்சிகள் நடந்தன. முதலாவது சீர்திருத்த இயக்கம். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை தந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பியது. புரோகிதரும் வேள்வித்தீயும் இன்றிப் பெரியோர் முன்னிலையில் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்ளும் மணமுறை இவ்வியக்கத்தின் கொடை. அத்தகைய மணத்துக்குக் கருவறையோ முகூர்த்தக்காலோ தேவையில்லை. மக்கள் கூடும் ஒரு கூடமும், கூடியோர் விளங்கிக்கொள்ளும் தமிழும் போதும். சடங்குக்குரிய இடம் என்பது சொற்பொழிவுக்குரிய இடமாகவும் ஆகலாம் என்பதை அது காட்டியது.

தமிழ்நாட்டில் இத்தகைய திருமணங்கள் சட்ட ஏற்பைப் பெறுவதற்கு அண்ணா முதலமைச்சராகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1967இல் கொண்டுவரப்பட்ட திருத்தச் சட்டமே சுயமரியாதைத் திருமணங்களுக்கு அங்குச் சட்டத்தகுதி அளித்தது. சிங்கப்பூரில் மாற்றம் வேறு வழியில் வந்தது. அதுவே நாம் குறிப்பிட்ட இரண்டாம் நிகழ்ச்சி. 1961ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மாதர் சாசனம், முஸ்லிம் அல்லாதாரிடையே ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கியது. திருமணப் பதிவையும் வலியுறுத்தியது. முஸ்லிம்களின் திருமணங்கள் தனிச்சட்டத்தின்கீழ்த் தொடர்ந்தன.

மாதர் சாசனம் பெண்களின் உரிமைக்கு ஆற்றிய தொண்டு பலரும் அறிந்ததே. அது இடத்தைப் பற்றிய ஒரு முடிச்சையும் அவிழ்த்தது என்பதை நாம் எளிதில் கவனிப்பதில்லை. பதிவே மணத்துக்குச் சட்டத்தகுதி தரும் என்றானபின், கோயிலும் கூடமும் வீடும் சட்டத்தின் பார்வையில் ஒருநிலையை எய்தின. இடம் கட்டாயத்திலிருந்து விடுபட்டு விருப்பமாயிற்று. ஒரு குடும்பம் ஓர் இடத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கிறது என்றால், அதன் பின்னர் நாம் கேட்க வேண்டியது அவ்விருப்பத்தின் காரணத்தையே.

1965: மண்டபம் எழுகிறது

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சிங்கப்பூர்த் தமிழரின் குடும்ப அமைப்பு மாறியது. மனைவியரும் குழந்தைகளும் இங்கு வந்து சேர்ந்தனர். 1950களில் குடிநுழைவு விதிகள் இறுகவே, போவதும் வருவதுமாக இருந்த வாழ்க்கை கடினமாயிற்று. இங்கேயே தங்கிவிடுவது என்னும் முடிவைப் பல குடும்பங்கள் எடுத்தன. இங்குப் பிறந்த பிள்ளைகள் மணவயதை எட்டினர். ஊரில் நின்ற பந்தல் இனி இங்கே நின்றாக வேண்டும். எங்கே நிற்பது?

இதற்கு விடை தந்தவர்களுள் முதன்மையானவர் பி. கோவிந்தசாமி பிள்ளை. 1887இல் தமிழகத்தில் பிறந்து, இளவயதில் சிங்கப்பூருக்கு வந்து, கடைச் சிப்பந்தியாகத் தொடங்கிச் சிராங்கூன் சாலையில் பெருவணிகராக உயர்ந்தவர் அவர். 1855இல் நரசிங்கப் பெருமாள் கோயிலாகத் தோன்றிப் பின்னர் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் எனப் பெயர்பெற்ற திருக்கோயிலின் வளாகத்தில், அவரது கொடையால் திருமண மண்டபம் ஒன்று எழுந்தது. அது திறக்கப்பட்ட ஆண்டு 1965. சிங்கப்பூர் தனிநாடாகிய ஆண்டும் அதுவே. பிஜிபி மண்டபம் என்று மக்கள் வழங்கும் அம்மண்டபத்தின் பெயரைத் தாங்கிய அழைப்பிதழ்கள் அன்றுமுதல் எத்தனையோ குடும்பங்களின் பேழைகளில் உள்ளன. கோயிலின் இராசகோபுரமும் அவரது கொடையாலேயே 1970களின் இறுதியில் எழுந்தது. 1978இல் அக்கோயில் தேசிய நினைவுச் சின்னமாயிற்று.

அம்மண்டபத்தின் வெற்றிக்கு மூன்று காரணங்களை நாம் காணலாம். கோயிலும் மண்டபமும் ஒரே மதிலுக்குள் அமைந்ததால், இறைவன் திருமுன் வணங்கியவர் சில அடிகள் நடந்து பந்தியில் அமரலாம். பூவும் வாழையிலையும் மஞ்சளும் பட்டுப்புடவையும் தாலியும் வாங்கும் கடைகள் அதே சாலையில் இருந்தன. எல்லாவற்றினும் மேலாக, ஒரு வீட்டார் தனியே கட்ட முடியாத முற்றத்தை ஒரு கொடையாளர் எல்லார்க்குமாகக் கட்டித்தந்தார். துறைமுகத் தொழிலாளியின் மகனும் கடைக்காரர் மகளும் ஒரே மேடையில் அமர முடிந்தது. அகநானூறு காட்டும் முன்றிற்பந்தல் சிராங்கூன் சாலையில் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு நிலைபெற்றது.

கீழ்த்தளம் என்னும் புதிய முற்றம்

இதே காலத்தில் புக்கிட் மேராவில் மற்றொரு முற்றம் உருவாகிக்கொண்டிருந்தது. 1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடிழக்கச் செய்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியிருந்தது. தீயால் வெறுமையான நிலத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் அடுக்குமாடி வீடுகள் விரைந்து எழுந்தன. தரைத்தளத்தில் வீடுகளை அமைக்காமல் திறந்த வெளியாக விடும் முறை, 1963இல் அவ்வட்டாரத்து ஜாலான் கிளினிக்கில் உள்ள 26ஆம் கட்டடத்தில் முதன்முதலில் கையாளப்பட்டது எனக் கூறப்படுகிறது. 1970களில் அது தீவெங்கும் பரவியது.

மலாய்க் குடும்பங்கள் இக்கீழ்த்தளத்தைத் தம் கம்பத்து முற்றத்தின் தொடர்ச்சியாகவே ஏற்றுக்கொண்டன. அவர்களது திருமண விருந்து காலைமுதல் மாலைவரை நீள்வது. விருந்தினர் வருவதும் உண்பதும் வாழ்த்துவதும் விடைபெறுவதுமாக இருப்பர். திறந்த வெளி அதற்கு மிகப் பொருந்தியது. சீனர் அங்கே ஈமச்சடங்குகளை நடத்தினர். தமிழர் குடும்ப நிகழ்ச்சிகளும் அங்கு நடந்ததுண்டு. எனினும் இந்துத் திருமணத்தின் அமைப்பு வேறு. குறித்த முகூர்த்தத்தில் எல்லாரும் ஒருங்கே கூடியிருத்தல் வேண்டும், ஓமத்தீ வேண்டும், நாகசுரமும் தவிலும் முழங்க வேண்டும், பந்தி பந்தியாக இலைபோட வேண்டும். ஒரே மதத்தார் மட்டும் வாழாத கட்டடத்தில், அதே நாளில் அருகிலேயே ஒரு சாவு வீடும் அமையக்கூடும் என்னும் அச்சமும் பெரியோர்க்கு எழக்கூடியதே. ஆகவே முற்றம் காலடியிலேயே கிடைத்தபோதும் மணமேடை அங்கு நிலையாக அமரவில்லை. நாம் காணும் இரண்டாம் காரணம் இது.

1989: வீடு ஓரிடம், விழா ஓரிடம்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் 1989ஆம் ஆண்டைச் சிறப்பாகக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் இனத்தார் குறித்த விகிதத்தைக் கடவாதவாறு அது வீடுகளைப் பங்கிட்டது. எல்லா இனத்தாரும் அடுத்தடுத்து வாழ வேண்டும் என்பது அதன் நோக்கம். அதே ஆண்டு ஜூலை 7ஆம் நாள், லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதன் கடைவீடுகளும் தெருக்களும் இடிபடாமல் காக்கப்பட்டன.

இவ்விரு முடிவுகளும் தனித்தனி நோக்கம் கொண்டவை. எனினும் அவற்றின் கூட்டுவிளைவு தெளிவானது. தமிழர் வீடுகள் தீவெங்கும் பரவின. தமிழரின் பொதுவெளியோ ஒரு வட்டாரத்தில் குவிந்து நின்றது. புக்கிட் மேராவில் தமிழ் கேட்கும் கட்டடங்கள் பல இருக்கலாம். தமிழ்த்தெரு என ஒன்று அங்கு உருவாக இயலாது. ஆகவே நாள்தோறும் வாழும் வாழ்க்கை ஓரிடத்திலும், பிறர் முன்னிலையில் தமிழராகக் கூடும் வாழ்க்கை மற்றோரிடத்திலும் அமைந்தன. திருமணம் இவ்விரண்டாம் வாழ்க்கையின் தலையாய நிகழ்ச்சி. அதனால் அது சிராங்கூன் சாலையை நாடியது. நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இது மூன்றாவதும் முதன்மையானதுமான விடை.

2003இல் திறக்கப்பட்ட வடகிழக்கு ரயில் பாதையை இவ்வரலாற்றின் வரைபடமாகவே கொள்ளலாம். புக்கிட் மேராவின் தென்முனையிலுள்ள ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் ஏறுபவர், துறைமுகத் தமிழரின் நிலத்திலிருந்து புறப்படுகிறார். சைனாடவுன் நிலையம் மாரியம்மன் கோயிலின் அண்மையில் உள்ளது. பின்னர் வரும் லிட்டில் இந்தியா நிலையத்தைக் கடந்து ஃபேரர் பார்க்கில் இறங்கினால் பெருமாள் கோயில் கோபுரம் தெரியும். இடையில் வண்டி மாற வேண்டியதில்லை. ஏறத்தாழ இரு நூற்றாண்டு இடப்பெயர்ச்சியை அந்த வண்டி அரைமணிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுகிறது.

இன்றைய தேர்வின் பொருள்

இன்று ஒரு புக்கிட் மேராக் குடும்பத்தின் முன் உள்ள இடங்கள் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றை ஏந்தி நிற்கின்றன. சவுத் பிரிட்ஜ் சாலையைத் தேர்பவர் முதல் வருகையின் மரபோடு தம்மை இணைத்துக்கொள்கின்றனர். பெருமாள் கோயில் மண்டபத்தைத் தேர்பவர் இங்கேயே வேரூன்ற முடிவு செய்த தலைமுறையின் மரபைத் தொடர்கின்றனர். டெப்போ சாலையைத் தேர்பவர் சூளைத் தொழிலாளர் வழிபட்ட அம்மனின் முன் நிற்கின்றனர். தெலுக் பிளாங்காக் குன்றின்மேல் அல்காஃப் என்னும் அரபு வணிகக் குடும்பத்தார் 1918இல் கட்டிய மாளிகை பிற்காலத்தில் விருந்து மாளிகையாக மாறித் திருமணங்களையும் ஏற்றது. அத்தகைய இடத்தைத் தேர்பவர் தம் மரபைத் தாண்டி இந்நகரின் பொதுமரபைத் தமதாக்கிக்கொள்கின்றனர். சமூக மன்றத்தைத் தேர்பவர் அண்டை வீட்டாரைத் தம் சுற்றமாகக் கருதுகின்றனர். இவற்றுள் எதுவும் இழிந்ததன்று.

ஆயினும் இங்கு இரு கவலைகளை நாம் மறைத்தல் ஆகாது. முதலாவது, பழைய இடங்களைப் பற்றியது. நினைவுச் சின்னம் என்னும் அறிவிப்பு சுவரையும் கோபுரத்தையும் காக்கும். அவ்விடத்தின் உயிரைக் காக்காது. மணமக்களும் பந்தியும் நாகசுரமும் இல்லாத மண்டபம் காலப்போக்கில் காட்சிப்பொருளாகிவிடும். தியோங் பாருவின் பழைய அடுக்குமாடி வீடுகள் 2003இல் பாதுகாக்கப்பட்டன. அவற்றில் மக்கள் இன்றும் குடியிருப்பதனால்தான் அவை வீடுகளாக நிற்கின்றன. மண்டபத்துக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, மொழியைப் பற்றியது. விழாவுக்கென ஒரே வட்டாரம் என்னும் நிலை நெடுங்காலம் நீடித்தால், தமிழும் அவ்வட்டாரத்துக்கே உரியது என்னும் எண்ணம் இளையோர் உள்ளத்தில் படியக்கூடும். வாழ்த்துரையும் நலங்குப் பாடலும் "வாங்க, சாப்பிட்டீர்களா?" என்னும் உபசரிப்பும் சிராங்கூன் சாலையில் மட்டும் ஒலிக்க வேண்டியவையல்ல. ஓமமும் முகூர்த்தமும் கோயிலில் நிகழ்ந்தாலும், பெண்ணழைப்போ மறுவீட்டு விருந்தோ புக்கிட் மேராச் சமூக மன்றத்தில் அண்டை வீட்டாரான மலாய்க்காரரையும் சீனரையும் அழைத்து நடக்கலாம். அப்போது தமிழ் தான் வாழும் தெருவிலும் விழாமொழியாகும். இடம் இரண்டானால் வரலாறு துண்டுபடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கோயிலும் முற்றமும் இரண்டும் தமிழர் மணத்துக்கு உரியனவே.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு பணியை இங்கு முன்மொழிகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் பாட்டி தாத்தாவின் திருமண அழைப்பிதழோ, அது இல்லையெனில் அத்திருமணத்தைப் பற்றிய நினைவோ இருக்கும். தாத்தாவின் மணம் எங்கே நடந்தது, தாயின் மணம் எங்கே நடந்தது, அண்ணனின் மணம் எங்கே நடந்தது என்று மூன்று தலைமுறைகளைக் கேட்டு எழுதச் செய்யலாம். அவ்விடங்களை ஒரு வரைபடத்தில் குறிக்கச் செய்யலாம். பந்தல், மணவறை, அரசாணிக்கால், முகூர்த்தக்கால், பந்தி ஆகிய சொற்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் எப்படி வழங்கின என்பதையும் குறித்துக்கொள்ளலாம். ஒரு வகுப்பில் முப்பது மாணவர் இதனைச் செய்தால், தொண்ணூறு பந்தல்கள் நின்ற இடங்கள் நமக்குத் தெரியவரும். ஊரில் தொடங்கி, சவுத் பிரிட்ஜ் சாலையிலும் சிராங்கூன் சாலையிலும் தங்கி, புக்கிட் மேரா வரை நீளும் அவ்வரைபடம், எந்த நூலகத்திலும் இதுவரை கிடைக்காத ஒரு சிங்கப்பூர்த் தமிழ் வரலாறாக அமையும்.